உறுதியில் எழுதப்படாத உடைமைகள்

அம்பாறைக் கரையோரத்தின் முஸ்லிம் ஊர்களில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரியது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிப் பொத்துவில் வரை, இடையிடையே தமிழ் ஊர்களையும் கொண்டு நீளும் இந்தப் பகுதியில், தாய்வழிக் குடி முறையும் மகளுக்கு வீடு கொடுத்து மணமுடித்து வைக்கும் சீதன வழக்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்றுவந்துள்ளன. மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவதும், மூத்த மகளுக்குத் தம் வீட்டைக் கொடுத்துவிட்ட பெற்றோர் அடுத்த மகளுக்காக அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீட்டை எழுப்பத் தொடங்குவதும் இங்கு தலைமுறைகளாக நடந்துவருவன. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, அக்கரைப்பற்றில் செய்த நீண்ட கள ஆய்வின் அடிப்படையில் 2008 இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பை விரிவாகப் பதிவுசெய்துள்ளது. வளவும் வீடும் யாருடையவை என்பதைச் சொல்லும் ஆவணமான உறுதி, ஒரு குடும்பம் பேணிக் காக்கும் காகிதங்களில் முதன்மையானதாக இருப்பதற்கு இந்த வழக்கமே காரணம்.

எல்லோரும் சொந்த வீட்டில் இருப்பதாக எண்ணும் இத்தகைய சமூகத்தில், வாடகைக்கு இருப்பவர் ஒரு தற்காலிக மனிதராகவே கருதப்படுகிறார். ஆனால் அத்தகையோர் தொகையில் குறைந்தவரல்லர். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு இடமாற்றம் பெற்றுவரும் தாதியரும் வைத்தியரும், வங்கிகளிலும் பிரதேச செயலகங்களிலும் பணியாற்றும் வெளியூர் அலுவலர்களும், பிரதான வீதியின் கடைகளை நம்பி வந்த வணிகரும், 1995 இல் தொடங்கப்பட்டு ஒலுவிலில் நிலைகொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் வாடகை அறைகளிலும் வீடுகளிலும் போடிங்குகளிலும் வாழ்கின்றனர். உள்ளூராருள்ளும், சீதன வீடு இன்னும் கூரை காணாத இளம் தம்பதியர், கடலுக்கு வளவைப் பறிகொடுத்தவர்கள், பங்கு பிரிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துவிட்ட நிலத்தில் தமக்கெனத் துண்டு கிடைக்காதவர்கள் ஆகியோர் மாத வாடகைக்கு ஒதுங்க நேர்கிறது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் தடுக்க, குடியிருப்பு விரிவதற்கு வழியில்லாத கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வாடகைக் குடியிருப்பு கூடுமேயன்றிக் குறையாது.

இவர்களுடைய பொருட்கள் எந்த உறுதியிலும் எழுதப்பட்டவையல்ல. குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், தையல் இயந்திரம், அலுமாரி, கட்டில், மடிக்கணினி, பிள்ளைகளின் பாடநூல்கள், மத்திய கிழக்கில் உழைத்தவர் பொதிகட்டி அனுப்பிய சாமான்கள் என ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு, பிறருக்குச் சொந்தமான நான்கு சுவர்களுக்குள் கிடக்கிறது. அந்தச் சுவர்களுக்கு நேரும் சேதத்தைக் கணக்கிட அரசிடமும் வங்கியிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முறைகள் உண்டு. சுவர்களுக்குள் இருந்தவற்றைக் கணக்கிடும் பொறுப்பு, வாடகையாளர் தாமாக ஏற்றுக்கொண்டாலன்றி, வேறெவர் கையிலும் இல்லை.

இதை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காட்டியதுபோல் வேறெந்த நிகழ்வும் காட்டவில்லை. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த அம்மாவட்டத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகியவற்றின் கரையோர வட்டாரங்கள் வீட்டு அடித்தளங்கள் மட்டும் எஞ்சும்படி துடைக்கப்பட்டன. அதன் பின் அரசு அறிவித்த உதவிகளின் அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எது சொத்து, எது சொத்தன்று என்ற பார்வை தெளிவாகிறது. முழுமையாக அழிந்த வீட்டைக் கட்டியெழுப்ப 2,50,000 ரூபாயும், பகுதியளவில் சேதமுற்ற வீட்டுக்கு 1,00,000 ரூபாயும் மானியமாக ஒதுக்கப்பட்டன. இறந்தவரின் இறுதிக் கடன்களுக்கென 15,000 ரூபாய் வழங்கப்பட்டது. வீட்டிலிருந்த பொருட்களுக்காகக் குறிப்பிட்டு வழங்கப்பட்டதோ, சமையற் பாத்திரங்கள் வாங்குவதற்கான 2,500 ரூபாய். அடுப்படியைத் தாண்டிய எந்தப் பொருளும் அந்தக் கணக்கில் வரவில்லை.

வீட்டு மானியம் கட்டட உரிமையோடு பிணைந்திருந்ததால், வாடகைக்கு இருந்தோரும், அரச நிலத்தில் குடியிருந்தோரும், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இரண்டாவது மூன்றாவது குடும்பத்தினரும் முதற்கட்டக் கொள்கையின் விளிம்பில் நின்றனர்; அவர்களுடைய நிலை பிந்திய கொள்கைத் திருத்தங்களிலேயே கருத்தில் எடுக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றர் தூரத்துக்குள் மீளக் கட்டத் தடை விதித்த இடைவெளி வலய விதி, நிலமே இல்லாத இந்த ஊர்களில் காத்திருப்பை மேலும் நீட்டியது. மனைவியின் பெயரிலிருந்த சீதன வீடு அழிந்த பின், புதிய வீட்டுக்கான பத்திரங்கள் குடும்பத் தலைவர் என்ற வகையில் கணவனின் பெயருக்குப் போன நிலைமையும் ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்பட்டது. உறுதி வைத்திருந்த பெண்ணே இவ்வாறு பின்தள்ளப்பட்ட இடத்தில், உறுதியே இல்லாத வாடகைக் குடும்பத்தின் தையல் இயந்திரத்தை யார் எண்ணியிருப்பார்கள் என்று கேட்பது நியாயமே.

2016 இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக அறிமுகமான இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், குடிமக்களிடமிருந்து தனிக்கட்டணம் அறவிடாமல், அனர்த்தத்தில் பாதிக்கப்படும் வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க முற்பட்டமை பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது அரசு மேலிருந்து விரிக்கும் பொதுப் பாதுகாப்பு. நிதி ஒதுக்கீடு, மதிப்பீட்டாளரின் வருகை, பிரதேச செயலகத்தின் சிபாரிசு ஆகிய படிகளைக் கடந்தே அது பயனாளியை அடைகிறது. தீ, களவு, மின்னல் போன்ற அன்றாட ஆபத்துக்களுக்கு அத்தகைய பொதுத் திட்டத்தை நம்பியிருக்க முடியாது.

காப்புறுதி எதைப் பார்க்கிறது

வாடகையாளர் காப்புறுதி என்பது, வாடகை வீட்டில் குடியிருப்பவர் தமக்குச் சொந்தமான அசையும் பொருட்களுக்காக எடுக்கும் பாதுகாப்பு. அமெரிக்காவில் இது தனிப்பெயரும் தனிப்படிவமும் கொண்ட வழமையான ஒப்பந்தமாக உள்ளது. அங்கு பல வீட்டுரிமையாளர்கள் குத்தகை உடன்படிக்கையிலேயே இதை நிபந்தனையாக்குகின்றனர். இலங்கையில் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாவிட்டாலும், பொருள் இருக்கிறது: வீட்டுக் காப்புறுதி பொதுவாகக் கட்டடம், உட்பொருட்கள் என இரு பகுதிகளாக அமைவதால், கட்டடத்தை விட்டு உட்பொருட்களை மட்டும் காப்புறுதி செய்யுமாறு வாடகையாளர் கேட்கலாம். இப்படிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாதிருப்பதே முதற்குறை.

இந்தப் பிரிப்பின் பின்னே, காப்புறுதிசெய்தகு நலன் என்று வணிகப் பாடநூல்கள் கூறும் தத்துவம் உள்ளது. ஒரு பொருள் அழிந்தால் யாருக்குப் பண இழப்பு நேருமோ அவரே அதைக் காப்புறுதி செய்ய முடியும் என்பது அதன் சாரம். வீட்டுரிமையாளர் தம் கட்டடத்தைக் காப்புறுதி செய்திருந்தால் அந்த ஒப்பந்தம் அவருடைய சுவரையும் கூரையையும் பார்க்குமேயன்றி, வாடகையாளரின் கட்டிலைப் பார்க்காது. வீட்டுக்காரர் காப்புறுதி எடுத்திருக்கிறார், ஆகவே தமக்கும் பாதுகாப்பு உண்டு என்று வாடகையாளர் எண்ணிக்கொள்வது ஆபத்தான நம்பிக்கை. மாறாக, வாடகையாளரின் கவனக்குறைவால் தீப்பற்றியிருந்தால், உரிமையாளருக்கு இழப்பீடு செலுத்திய நிறுவனம் உரிமையாளரின் இடத்தில் நின்று அந்தத் தொகையை வாடகையாளரிடமே கோரவும் கூடும். ஆகையால் உட்பொருட் காப்புறுதி எடுப்பவர், குடியிருக்கும் வீட்டுக்குத் தம்மால் நேரும் சேதத்துக்கான பொறுப்பும் அதில் அடங்குமா என்று கேட்டறிய வேண்டும்.

கட்டடத்தை முதலிலும் பொருளைப் பின்னரும் பார்த்தது இத்துறையின் வரலாறே. 1666 இல் இலண்டன் நகரம் எரிந்த பின் தோன்றிய முதல் தீக்காப்புறுதி முயற்சிகள் வீடுகளையே காத்தன. அசையும் பொருட்களுக்கான பாதுகாப்பைப் பரவலாக்கிய சன் தீக்காப்புறுதி நிறுவனம் 1710 இல்தான் பிறந்தது.

கல்முனைப் பகுதிக்கு இந்த ஒப்பந்தத்தின் எந்த வாசகம் முக்கியம் என்பதை நிலத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது. தீயும் மின்னலும் அடிப்படைப் பாதுகாப்பில் அடங்குவன. சூறாவளி, வெள்ளம், ஆழிப்பேரலை ஆகியன பொதுவாக விரிவுபடுத்தல்கள் என்ற வகையில் மேலதிகமாகச் சேர்க்கப்படுவன. கட்டணத்தைக் குறைப்பதற்காக அவற்றை விட்டுவிடும் ஒப்பந்தம் இந்தக் கரையில் ஏறக்குறைய வெறும் காகிதம். 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் அதன் தெற்கையும் சிதைத்த சூறாவளியை முதியோர் இன்றும் ஆண்டு கணக்கிடும் அடையாளமாகக் கொள்கின்றனர். வடகீழ்ப் பருவமழை வலுக்கும் மாதங்களில், கல்லோயாப் படுகையின் நீர் வயல்களை நிரப்பிக் கடலை நோக்கி இறங்கும்போது, கரையோர ஊர்கள் முன்னால் கடலும் பின்னால் வெள்ளமுமாக அகப்படுகின்றன. கிட்டங்கித் தாம்போதியும் மாவடிப்பள்ளித் தாம்போதியும் மூழ்கிப் போக்குவரத்து அறுகிறது. 2011 ஜனவரி வெள்ளம் கிழக்கு மாகாணம் முழுவதையும் பாதித்தது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்ட துயரம், அந்த நீரின் வேகம் எத்தகையது என்பதை நாடு முழுவதற்கும் உணர்த்தியது. வெள்ளம் வாடகை வீடு, சொந்த வீடு என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்றாலும், வாடகைக்கு விடப்படும் அறைகள் பெரும்பாலும் தாழ்ந்த வளவுகளிலும் வயலை நிரப்பி எழுப்பிய புதிய குடியிருப்புகளிலும் அமைவதால், நீர் முதலில் நுழையும் இடமும் அவையாகவே இருக்க வாய்ப்புண்டு.

வெள்ளத்தைச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தமும் கடலரிப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அடுத்த கரையில் ஆண்டுதோறும் தென்னைகளும் நிலமும் கடலுக்குள் சரிந்துவருவதை அப்பகுதி மக்கள் அறிவர். காப்புறுதியோ திடீரெனவும் எதிர்பாராமலும் நிகழ்வதற்கு மட்டுமே பொறுப்பேற்பது; படிப்படியாக, முன்கூட்டியே தெரிந்து நிகழும் சிதைவு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இது காப்புறுதியின் இயல்பான வரம்பு என்பதால், கடலரிப்பால் இடம்பெயர்வோருக்கு அரசின் பொறுப்பே எஞ்சுகிறது என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஆபத்து மனிதரால் வருவது. வேலைநிறுத்தம், கலகம், சமூகக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்குத் தனியார் நிறுவனங்கள் தாமாகப் பொறுப்பேற்பதில்லை; 1987 இல் அரசு ஏற்படுத்திய நிதியம், இன்று 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின்கீழ் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. மேலதிகக் கட்டணம் செலுத்தி இந்தப் பாதுகாப்பைச் சேர்க்காதவருக்கு, வன்முறையில் எரிந்த பொருளுக்கு எதுவும் கிடைக்காது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் உணவகமும் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த வீடொன்றில் குண்டுகள் வெடித்து, குழந்தைகள் உட்படப் பலர் இறந்து, ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த அந்தக் குடியிருப்பே நிலைகுலைந்தது. இவற்றைக் கண்ட ஒரு பிரதேசம் இந்த வாசகத்தைத் தேவையற்ற சேர்க்கையாகக் கருத முடியாது.

பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதன் விலை

ஒப்பந்தம் எடுத்தவர்களும் பெரும்பாலும் தவறுவது தொகையில். சராசரி விதி எனப்படும் நிபந்தனையின்படி, பொருட்களின் உண்மையான மொத்தப் பெறுமதியில் எத்தனை பங்கு காப்புறுதி செய்யப்பட்டதோ, இழப்பிலும் அத்தனை பங்கே செலுத்தப்படும். ஒரு வீட்டில் 10 இலட்சம் ரூபாய் பெறுமதியான பொருட்கள் இருக்க, கட்டணம் குறையட்டும் என்று 5 இலட்சம் ரூபாய்க்கு மட்டும் காப்புறுதி செய்தவருக்கு, வெள்ளத்தில் 2 இலட்சம் ரூபாய் இழப்பு நேர்ந்தால், கிடைப்பது 1 இலட்சமே. இழப்பு காப்புறுதித் தொகைக்குள் அடங்கியிருந்தும் பாதி ஏன் வெட்டப்பட்டது என்று அவர் திகைப்பதும், நிறுவனம் ஏமாற்றிவிட்டதாக ஊரில் பேச்சு எழுவதும் இந்த விதி முன்கூட்டியே விளக்கப்படாததன் விளைவு.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த ஆபத்தைப் பலமடங்காக்கியது. டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த நாணயம் சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டிச் சரிய, கொழும்பின் பணவீக்கம் அவ்வாண்டு செப்டெம்பரில் 70 வீதத்தை நெருங்கியது. இறக்குமதிப் பொருட்களான குளிர்சாதனப்பெட்டியும் மடிக்கணினியும் விலையேறிய வேகத்துக்கு, முந்தைய ஆண்டுகளில் எழுதிய காப்புறுதித் தொகைகள் ஈடுகொடுக்கவில்லை. நேர்மையாகத் தொகையைக் குறிப்பிட்டவரும் தம்மையறியாமல் குறைக்காப்புறுதி செய்தவர் ஆனார். எனவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பழைய தொகையை அப்படியே எழுதிக்கொடுப்பது தவிர்க்கப்பட வேண்டியது. தேய்மானம் கழித்த பெறுமதி தரப்படுமா, அதேபோன்ற புதிய பொருளின் விலை தரப்படுமா என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். பத்தாண்டு பழைய சலவை இயந்திரத்துக்கு முதல்முறையில் கிடைப்பது மிகச் சொற்பம்.

விலக்குகளில் சில இப்பகுதிக்கே குறிப்பாகப் பொருந்துவன. தங்க நகைக்கு ஒப்பந்தங்கள் உச்சவரம்பு வைப்பதும் தனிப்பட்டியல் கேட்பதும் வழக்கம். காசு பெரும்பாலும் விலக்கப்படுகிறது. சீதன நகையை வாடகை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கும் குடும்பம் இதை அறிந்திருக்க வேண்டும். மருதமுனையில் வீட்டோடு ஒட்டிய தாழ்வாரத்தில் கைத்தறி வைத்து நெய்பவரின் தறியும் நூலும் நெய்து முடித்த சாரன்களும் வீட்டுப் பொருட்களாகக் கொள்ளப்படாமல் தொழிற் பொருட்களாகக் கருதப்படக்கூடும். தையல் வேலையை வருமானமாகச் செய்யும் பெண்ணின் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். தொழிலை முன்கூட்டியே அறிவித்துச் சேர்த்துக்கொண்டால் தீரக்கூடிய சிக்கல் இது. அறிவிக்காமல் விட்டால் முழுக் கோரிக்கையும் மறுக்கப்படலாம், ஏனெனில் காப்புறுதி ஒப்பந்தம் இரு தரப்பும் உண்மையை ஒளிக்காமல் சொல்வதன்மீதே நிற்கிறது. ஒலுவில் போடிங்குகளில் மூவர் நால்வராகப் பகிர்ந்து வாழும் மாணவர்களைப் பொறுத்தவரை, ஒருவர் பெயரிலுள்ள ஒப்பந்தம் அறைத் தோழரின் பொருளைக் காக்காது. களவுக்கான இழப்பீட்டுக்குப் பூட்டு உடைக்கப்பட்டமை போன்ற வலிந்து நுழைந்த அடையாளம் கேட்கப்படுவதால், திறந்திருந்த அறையிலிருந்து காணாமற்போன மடிக்கணினிக்கு எதுவும் கிடைப்பதில்லை.

தகாபுல் என்னும் வழி

இவ்வளவு அறிந்த பின்னும் இந்த ஊர்களில் ஒரு தயக்கம் நிற்கிறது, அது அக்கறையோடு அணுகப்பட வேண்டியது. வழமையான காப்புறுதியில், கட்டணம் செலுத்துபவருக்கு என்ன கிடைக்கும் என்பது நிச்சயமற்றிருப்பதும், திரண்ட பணம் வட்டியில் முதலிடப்படுவதும் மார்க்க அறிஞர்களின் ஆட்சேபத்துக்குரியவை. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சட்டவியல் பேரவை 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடி, நிலையான கட்டணத்துடன் கூடிய வணிகக் காப்புறுதியை ஏற்க மறுத்து, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியை ஆகுமானதாக அறிவித்தது. தகாபுல் எனப்படும் இத்தகைய காப்புறுதிக்கான முதல் நிறுவனம் அதற்கு முன்பே 1979 இல் சூடானில் தோன்றியிருந்தது. மலேசியா 1984 இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையில் அமானா தகாபுல் 1999 இல் தொடங்கப்பட்டது.

தகாபுலில் பங்காளர் செலுத்துவது, பாதிக்கப்படும் சக பங்காளருக்கு உதவுவதற்கான நன்கொடையாகப் பொது நிதியில் சேர்கிறது. தபர்ரு என்று அழைக்கப்படும் இந்நன்கொடை நிறுவனத்தின் சொத்தாவதில்லை. நிறுவனம் நிதியை நிர்வகிக்கும் முகவராக நின்று அதற்கான கட்டணத்தைப் பெறுகிறது. ஆண்டு முடிவில் நிதியில் மிகை இருந்தால் அது பங்காளரிடையே பகிரப்படலாம். குறை ஏற்பட்டால் நிறுவனம் வட்டியற்ற கடனாக அதை ஈடுசெய்கிறது. உணவு குறைந்த வேளையில் அஷ்அரி குலத்தார் கையிலிருந்ததையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபியவர்கள் பாராட்டிய செய்தியை அறிந்த சமூகத்துக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதன்று. குடிக்கொரு மரைக்காயரைப் பொறுப்பாளராக வைத்துப் பள்ளிவாசலை நிர்வகித்துவந்த ஊர்களில், பொறுப்பைப் பங்கிட்டுச் சுமப்பது ஏற்கெனவே ஓர் அமைப்பாக இருந்துவந்துள்ளது. குறை எதுவெனில், குடியின் பிணைப்பு ஊராருக்கே உரியது. திருகோணமலையிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வந்து வாடகைக்கு இருக்கும் தாதிக்கும் மாணவருக்கும் அந்த வலையில் இடமில்லை.

அவர்களுக்கு ஏற்ற வடிவம் குழு ஒப்பந்தம். தனியொரு மாணவரின் சில பொருட்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது நிறுவனத்துக்கு இலாபமற்றது. ஆனால் பல்கலைக்கழக மாணவர் அமைப்போ, வைத்தியசாலை ஊழியர் நலன்புரிச் சங்கமோ, கல்முனை வணிகர் அமைப்போ உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலோடு அணுகினால், செலவு பகிரப்பட்டுக் கட்டணம் இறங்குகிறது. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பைத்துஸ் ஸகாத் நிதியங்களும் அனர்த்தத்தின் பின் அரிசியும் பாயும் வழங்குவதில் காட்டும் உழைப்பில் சிறு பகுதியையேனும் அனர்த்தத்தின் முன் இத்தகைய குழுக்களை அமைப்பதில் செலவிட்டால் வாடகைக் குடும்பங்கள் கையேந்தும் நிலை குறையும். அத்தகைய குழு ஒப்பந்தத்தில் மூன்று வாசகங்களில் விட்டுக்கொடுக்கலாகாது: வெள்ளமும் சூறாவளியும் ஆழிப்பேரலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும், ஒவ்வோர் இழப்பிலும் பங்காளர் தாமே தாங்க வேண்டிய முதல் தொகை சிறிய பொருட்களின் பெறுமதியை விழுங்கிவிடாத அளவில் இருக்க வேண்டும், வீடு மாறினால் புதிய முகவரிக்குப் பாதுகாப்புத் தொடர வேண்டும். வாடகையாளர் அடிக்கடி இடம் மாறுபவர் என்றாலும் மூன்றாவது வாசகமே பேரம் பேசும்போது அதிகம் மறக்கப்படுவது.

இழப்பு நேர்ந்த பின் கோரிக்கையைத் தாங்குவது சான்று. பொருட்களின் பட்டியலும் படங்களும் பற்றுச்சீட்டுகளின் நகலும் அதே வீட்டில் இருந்தால் பொருட்களோடு அவையும் நனைந்துபோகும். கத்தாரிலோ சவூதியிலோ உள்ள குடும்பத்தவரின் கைபேசிக்கு அவற்றை அனுப்பிவைப்பது செலவில்லாத ஏற்பாடு. வாடகை உடன்படிக்கை வாய்மொழியாக மட்டும் இருக்கும் இடங்களில், குறித்த முகவரியில் குடியிருந்ததை நிறுவக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் உதவும்; களவுக்குப் பொலிஸ் முறைப்பாடு இன்றியமையாதது. சேதமுற்ற பொருளை மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் அகற்றிவிடக் கூடாது. வெள்ளத்தின் பின் வீட்டைக் கழுவித் துப்புரவு செய்யும் அவசரத்தில் இது எளிதில் நிகழ்ந்துவிடுகிறது. கோரிக்கை மறுக்கப்பட்டால், நிறுவனத்திடம் எழுத்தில் காரணம் பெற்று, காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இத்துறையை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். தமிழில் எழுதிய முறைப்பாட்டை ஏற்குமாறு கேட்பதற்கு இந்நாட்டுக் குடிமகனுக்கு முழு உரிமை உண்டு.